முட்டி வலியும் மெக்சிகோவின் படிகளும்

என் வலது முழங்காலின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், "இனிமே மாடிப்படியை மறந்துடுங்க" என்றார். அதே மாதத்தில்தான் ஹூஸ்டனில் இருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் மெக்சிகோவுக்கு டிக்கெட் போட்டாள். அந்த நாட்டில் பழங்காலச் சின்னம் என்றால் முக்கால்வாசி படிக்கட்டுதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "நீங்க கீழே நின்னு பார்த்தாலே போதும்ப்பா" என்று சமாதானம் சொன்னாள். என் மனைவியோ பழனிக்குப் போனால் யானைப்பாதையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிப்பாதையில் விறுவிறுவென்று ஏறுகிற கட்சி. கீழே நிற்பது என்ற பேச்சே அவளிடம் கிடையாது.

முதலில் தியோத்திவாக்கான். மெக்சிகோ சிட்டியிலிருந்து 50 கிலோமீட்டர். அங்குள்ள சூரியப் பிரமிடு சுமார் 65 மீட்டர் உயரம், 248 படி என்று படித்ததுமே என் முட்டி ஊரிலிருந்தபடியே வலிக்க ஆரம்பித்திருந்தது. போதாக்குறைக்கு அந்த இடமே ஊட்டி உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக் குளிர் இல்லை, மூச்சு வாங்குவது மட்டும் தாராளமாக உண்டு.

போய்ப் பார்த்தால் பிரமிடின் அடியில் தடுப்பு. 2020இல், கொரோனா சமயத்தில் ஏறுவதை நிறுத்தியவர்கள், நாங்கள் போனபோதும் விடவில்லை. முகத்தில் எவ்வளவு சோகத்தை வரவழைக்க முடியுமோ அவ்வளவையும் வரவழைத்து, "அடடா, இவ்வளவு தூரம் வந்தும்..." என்று இழுத்தேன்.

"ரொம்ப நடிக்காதீங்க" என்றாள் மனைவி.

ஆனால் அங்கேயும் தப்பிக்க முடியவில்லை. 'இறந்தோர் வீதி' என்று நடுவே நேராக ஓடுகிற தெரு. சமதளம்தானே என்று நம்பி இறங்கினால், குறுக்கே குறுக்கே மேடை. ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வீதிக்கு அந்தப் பெயர் வைத்த அஸ்டெக்குகள் அந்த நகரத்தைக் கட்டியவர்கள் இல்லை. ஊர் காலியாகிப் பல நூற்றாண்டு கழித்து வந்து பார்த்துவிட்டு, இது தெய்வங்கள் சம்பந்தப்பட்ட இடம் என்று முடிவு கட்டியவர்கள். மனுஷன் ஏறுவதற்கு இப்படி எவனும் கட்டியிருக்க மாட்டான் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

அடுத்து யுக்கட்டான் வெயிலில் சிச்சென் இட்சா. மாயர்களின் அந்தப் பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் சேர்த்து 364, உச்சியில் ஒன்று, ஆக 365. சுவாமிமலையில் 60 வருஷத்துக்கு 60 படி வைத்தவர்கள் எவ்வளவு கருணை உள்ளவர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கும் ஏறத் தடை. கீழே நின்று கையைத் தட்டினால் படிகளிலிருந்து கெட்சால் பறவை கூவுவதுபோல எதிரொலி வரும். நானும் தட்டினேன். பிரமிடைப் புகழ்ந்து தட்டுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். தடை போட்டவருக்குத்தான் தட்டினேன்.

இரண்டு கண்டத்தைத் தாண்டிய தெம்பில் சோலூலாவுக்குப் போனபோதுதான் மாட்டினேன்.

சோலூலாவில் பிரமிடே கண்ணில் படாது. புல்லும் மரமுமாக ஒரு குன்று, அதன் தலையில் மஞ்சள் நிற சர்ச். "பிரமிடு எங்கே?" என்று டிரைவரைச் சைகையில் கேட்டேன். அவர் குன்றையே காட்டினார். அடிப்பாகம் பக்கத்துக்கு 400 மீட்டர். கன அளவில் உலகத்திலேயே பெரிய பிரமிடு அதுதான். எகிப்தில் இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மண் மூடிக் கிடந்த அதன் உச்சியில் ஸ்பானியர்கள் சர்ச் கட்டினார்கள். 1931 முதல் ஆராய்ச்சியாளர்கள் உள்ளே 8 கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள்.

பிரமிடில் ஏறத் தடை போடலாம். சர்ச்சுக்குப் போகிற வழிக்கு யார் தடை போடுவார்கள்? மனைவி என்னைப் பார்த்தாள். நான் குன்றைப் பார்த்தேன்.

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையில் வறுத்த வெட்டுக்கிளி விற்றுக்கொண்டிருந்தார். ஓய்வுக்குக் காரணம் வேண்டுமே, வாங்கினேன். மிளகாய்த்தூள் தூவி எலுமிச்சை பிழிந்து காகிதக் கோப்பையில் கொடுத்தார். முறுகலாக, உப்பும் புளிப்புமாக, கண்ணை மூடிக்கொண்டால் நெத்திலி வறுவல். பின்னங்கால் மட்டும் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இவ்வளவு உறுதியான முட்டியை வைத்துக்கொண்டு அந்த ஜீவன் கோப்பைக்குள் கிடக்கிறது. இந்த முட்டியோடு நான் மலை ஏறுகிறேன்.

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன். தூரத்தில் போப்போகாட்டெபெட்ல் எரிமலை சாவகாசமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அந்த சர்ச் மாதா, நோய்நொடி தீர்க்கிறவள். நம் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா மாதிரி என்று வையுங்கள். மனைவி கண்மூடி வெகுநேரம் நின்றாள்.

"உங்க முட்டிக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

முட்டியை ஏறவைத்துக் கெடுத்துவிட்டு, அதற்கே மனுவும் போடுகிற நிர்வாகம்.

கடைசி நாள் மெக்சிகோ சிட்டியிலேயே. நடு ஊரில் டெம்ப்லோ மயோர், அஸ்டெக்குகளின் பெரிய கோயில். ஸ்பானியர்கள் இடித்து, மேலே ஊரைக் கட்டிவிட்டார்கள். 1978இல் மின்வாரிய ஊழியர்கள் பள்ளம் தோண்டியபோது 3.25 மீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு கல் தட்டுப்பட்டது. அதில் கொயோல்சாவ்கி என்ற தேவி. சொந்தத் தம்பியே தலையை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான் என்பது கதை. கல்லில் கை வேறு, கால் வேறு, மூட்டுக்கு மூட்டு துண்டாகக் கிடக்கிறாள். கிடந்ததும் கோயில் படிக்கட்டின் அடியில்தான். மெக்சிகோவில் என் கஷ்டம் புரிந்த ஒரே ஆள். கொஞ்ச நேரம் அவள் எதிரிலேயே நின்றேன்.

திரும்பும் வழியில் சுதந்திர தேவதைத் தூண். 1910இல் நிறுவியது. ஏரியைத் தூர்த்துக் கட்டிய நகரம்; நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அடியிலுள்ள களிமண் அமுங்கி, ஊர் இறங்கிக்கொண்டே போகிறது. சில இடங்களில் வருஷத்துக்கு அரை மீட்டர் வரைகூட. தூண் மட்டும் ஆழமான அஸ்திவாரத்தில் நின்றுவிட்டது. தெரு கீழே போகப் போக, எட்டுவதற்காகப் படியைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கட்டியபோது 9 படி. பிறகு சேர்த்தது 14. இன்றைக்கு 23. முட்டியில் கோளாறு உள்ளவர்கள் தள்ளிப்போடாமல் சீக்கிரம் போய்வந்துவிடுங்கள்.