கம்பெனியாக வாருங்கள்

வெளிநாட்டில் பிறந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழ ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு புத்திமதி: மனுஷராக வராதீர்கள். கம்பெனியாக வாருங்கள்.

கம்பெனியாக வந்தால் சென்னையில் சால்வை போர்த்துவார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம், முதலமைச்சரோடு போட்டோ, சிப்காட்டில் இடம், லாரி திரும்புகிற அளவுக்கு அகலமான ரோடு. ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டாம். ஒற்றைச் சாளரம் திறந்திருக்கிறது. தொழில் தொடங்க வருகிறவரை அலைய விடக்கூடாது என்று 2018-இல் தனிச் சட்டமே போட்டாயிற்று. தைவானில் பிறந்த டெல்டா குருபரப்பள்ளியில் குடித்தனம் நடத்துகிறது. பெங்களூரிலிருந்து வந்த ஓலா 2020 டிசம்பரில் 2,400 கோடிக்குக் கையெழுத்துப் போட்டு, போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் கால் நீட்டிப் படுத்தது. உன் அப்பா யார், எந்தப் படகில் வந்தாய், வந்த தேதிக்கு ஆதாரம் எங்கே என்று எந்த ஆர்.ஐ.யும் அவர்களை நிறுத்திவைத்துக் கேட்டதாகக் கேள்வியில்லை.

இனி மனுஷராக வந்தவர்கள் கதை.

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரயில் பாதையில், திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில் இருக்கிறது சாமல்பட்டி. எங்கள் மாவட்டத்துக்காரர்களிலேயே பாதிப்பேர் இறங்கியிருக்காத ஸ்டேஷன். ஆனால் புவியியல் படித்தவர்களிடம் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். கார்பனடைட் என்று ஓர் அபூர்வப் பாறை இங்கே உண்டு. பூமியின் வெகு ஆழத்திலிருந்து, எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள். அதே சுற்றுவட்டாரத்தில், ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையில், அனுமதியில்லாமல் வந்த இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஊர் வாயில் அது சிலோன் கேம்ப். அவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். கியூ பிராஞ்ச் போலீஸ் ரிஜிஸ்டரில்.

ஒரு பேச்சுக்கு அங்கே ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் பெயருக்குச் சான்றிதழ் கேட்பார்கள். 1990-இல் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது ஆறு வயதில் அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொண்டு படகில் வந்தவள். மண்டபம் முகாம், பிறகு பாம்பாறு. படித்தது ஊத்தங்கரை அரசுப் பள்ளிக்கூடம். 2005-இல் சாமல்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஓசூரில் ஃபிட்டர், அவளைக் கட்டிக்கொண்டான். கோயிலில் தாலி. ஐயர் நட்சத்திரம் கேட்டார், விசா கேட்கவில்லை. அந்த ஒரு இடத்தோடு கேள்வியில்லாத காலம் முடிந்தது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955. பிரிவு 5(1)(இ): இந்தியக் குடிமகனை மணந்து, ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். படித்தால் நல்ல சட்டம் போலத்தான் இருக்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு போகிறாள்.

"பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எங்கம்மா?"

"பாஸ்போர்ட் இல்ல சார். சண்டையில படகுல வந்தோம்."

"அப்ப விசா?"

"படகுல வந்தோம் சார்."

"அதான்மா, படகுல வந்ததுக்கு என்ன புரூஃப்?"

இந்த இடத்தில் அந்த ஊழியரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவர் கையில் இருக்கிற படிவம் அப்படி. செல்லுபடியாகும் வெளிநாட்டு பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, திருமணச் சான்று என்று வரிசையாகக் கேட்கிறது. வீடு எரிகிறபோது பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓடாதவர்களை அது மனுஷராகவே மதிப்பதில்லை. இதைவிட மேலே, அதே ஐந்தாம் பிரிவின் வாசலிலேயே ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறார்கள்: 'சட்டவிரோதக் குடியேறியாக இல்லாத' ஒருவர் என்று. பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்த எவரும் சட்டவிரோதக் குடியேறி. ஆறு வயதில் இடுப்பில் வந்தாலும் சரி. ஏழு ஆண்டு அல்ல, எழுபது ஆண்டு குடித்தனம் நடத்தினாலும் சரி.

அமெரிக்கக்காரி ஒருத்தி ஓசூர்ப் பையனைக் கட்டினால் என்ன ஆகும்? துணைவருக்கான நுழைவு விசா. வீட்டில் காபி குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் வெளிநாட்டவர் பதிவு ஆபீசுக்கு இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. மனு. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு கழிந்தால் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வாழ்நாள் விசா. நல்லது, வாழட்டும். பாகிஸ்தான் பாஸ்போர்ட்டோடு வந்து இந்தியரை மணந்த பெண்ணுக்குக்கூட நீண்டகால விசா என்று ஒரு ஏற்பாடு உண்டு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானியர் விசாவையெல்லாம் ரத்து செய்தபோதும் அந்த நீண்டகால விசாவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த விசா கைக்கு வராதவர்களை அட்டாரி எல்லையில் பிள்ளைகளிடமிருந்து பிரித்த கொடுமையை நாடே டி.வி.யில் பார்த்தது. ஓசூர்க்காரன் அத்திப்பள்ளி தாண்டிக் கன்னடப் பெண்ணைக் கட்டினால் ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவதோடு வேலை முடிந்தது. பேச்சு புரியாத மருமகள் ஒரே நாளில் எங்கள் வீட்டுப் பெண். பேச்சு, சாமி, சாப்பாடு எல்லாம் ஒன்றான மருமகள் முப்பத்தைந்து ஆண்டாக அந்நியர்.

குடியுரிமை பெற இன்னொரு வழி, இயல்புரிமை. அதற்கு அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அவளிடம் இருக்கிற ஒரே தகுதி அதுதான். ஆனால் அந்த வாசலிலும் அதே காவல்காரன் நிற்கிறான்.

தாய்லாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டுக்காரன் ஓராண்டு நீட்டிப்புக்கு நான்கு லட்சம் பாட் பணத்தை இரண்டு மாதம் வங்கியில் ஊறவைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாதம் நாற்பதாயிரம் பாட் வருமானம். வீட்டுக்குப் போகும் வழியை வரைபடமாகப் போட்டுத் தர வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் சேர்ந்து இருக்கிற போட்டோ வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை 'இங்கேதான் இருக்கிறேன் ஐயா' என்று முகவரி சொல்ல வேண்டும். பிரிட்டன் 2024 ஏப்ரலில் வருமான வரம்பை 29,000 பவுண்டாக ஏற்றிவிட்டது. அதற்குக் கீழே சம்பாதிக்கிறவன் வெளிநாட்டில் காதலிக்கக்கூடாது. அசிங்கம்தான். ஆனாலும் அவர்கள் விலையையாவது சொல்லிவிடுகிறார்கள். பாம்பாற்றுப் பெண் கழுத்துத் தாலியை விற்றுக் கட்டினாலும் வாங்கிக்கொள்ள இங்கே ஒரு கவுண்டர் கிடையாது.

யார் செய்த வேலை இது? இங்கேதான் நம்மூர்த் தலைவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். அவரவர் மேடையில் 'தொப்புள்கொடி உறவு' என்று கண்ணீர் விடாத கட்சி தமிழ்நாட்டில் உண்டா? அந்தக் கொடியை அறுத்த கத்தியில் யார் யார் கைரேகை இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லைக் குடியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது வாஜ்பாய் அரசின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம். அது அமலுக்கு வந்த 2004 டிசம்பர் 3 அன்று டெல்லியில் மன்மோகன் சிங் அமைச்சரவை, அதில் தி.மு.க. மந்திரிகள். 2013 வரை அந்தக் கூட்டணியில் இருந்தார்கள். ஒரு வரியை எடுக்கச் சொல்ல அந்தக் காலம் போதவில்லை. 2021-இல் மாநிலத்தில் ஆட்சிக்கு வந்ததும் 317 கோடிக்குத் திட்டம், முகாம்களில் புது வீடு, 'அகதிகள் முகாம்' இனி 'மறுவாழ்வு முகாம்'. வீடு நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் போர்டை மாற்றி எழுதிய பெயிண்டர் ரிஜிஸ்டரைத் தொடவில்லை. செக்கிங் நாளில் முகாமில் முகம் காட்டியாக வேண்டும்.

அ.தி.மு.க. சும்மா இருந்ததா? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை. காவல்காரன் அவர்களுக்கு மட்டும் வழிவிட்டு ஒதுங்குவான். இலங்கைத் தமிழருக்கு இல்லை, முஸ்லிமுக்கு இல்லை. இந்துக்களைக் காக்கவென்றே அவதாரம் எடுத்து மசோதா கொண்டுவந்தவர்களுக்கு, கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் நேர்ந்துகொண்டவர்கள் இந்துவாகத் தெரியவில்லை. காபூல் தெரிந்த கண்ணுக்கு, தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற தலைமன்னார் தெரியவில்லை. மசோதா 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்த 125-இல் அ.தி.மு.க.வின் பதினொரு பேர், பா.ம.க.வின் ஒருவர். அந்தப் பன்னிரண்டு கைகள் மறுபக்கம் உயர்ந்திருந்தால் மசோதா அன்றே செத்திருக்கும். இலங்கைத் தமிழரையும் சேருங்கள் என்று அவையில் பேசிவிட்டு, சேர்க்காத மசோதாவுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு ஊருக்கு வந்து இரட்டைக் குடியுரிமை வாங்கித் தருவோம் என்றார்கள். ஒற்றைக்கே வழியில்லாதவளுக்கு இரட்டை!

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஒரு பெண் போனார். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர்; பெற்றோர் யாரென்று சட்டம் கேட்பதில்லை. அவர் பிறந்த அன்றே சட்டத்துக்குத் தெரிந்த விஷயம், பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தெரியவர 36 ஆண்டும் மதுரைக் கிளையின் உத்தரவும் தேவைப்பட்டன. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டதைப் பத்திரிகைகள் வெற்றிச் செய்தியாகப் போட்டன. 2025 மே மாதம் இன்னொரு இலங்கைத் தமிழர், தண்டனைக் காலத்தை முடித்தவர், மனைவி மக்கள் இங்கே இருப்பவர், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசாலையா என்று நீதிபதி கேட்டார். தர்மசாலை என்றால் வந்தவனுக்கு ஒருவேளைச் சோறு போட்டு, பெயர்கூடக் கேட்காமல் படுக்கத் திண்ணை கொடுக்கிற இடம். அப்படியொரு பழி நம் மீது விழ வாய்ப்பே இல்லை, நீதிபதி கவலைப்பட வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் அமலானபோது மத்திய அரசு ஒரு கருணை காட்டியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு. ஜெயிலில் போட மாட்டோம் என்கிறார்கள். குடிமக்களாக்குவோம் என்று சொல்லவில்லை. சரி, திரும்பிப் போய்விடலாமென்றால் அதற்கும் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அதையெல்லாம் முடித்துப் போன ஒரு முதியவரை, 2025 மே மாதம் இலங்கையின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றம்: அந்தக் காலத்தில் உரிய அனுமதியில்லாமல் இலங்கையை விட்டு ஓடியது. இங்கே அனுமதியில்லாமல் வந்தவர், அங்கே அனுமதியில்லாமல் போனவர். இரண்டு அரசுகளும் எந்த விஷயத்தில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் இதில் மட்டும் ஒரே கட்சி.

அந்தச் சாமல்பட்டி மருமகளுக்கு 2007-இல் ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பையன் பிறந்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்பன் இந்தியன், பிறந்த மண் இந்தியா. போதாது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளையாயிற்றே: பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அம்மா அப்படி என்பதால் பையனும் பிறப்பால் இந்தியன் இல்லை. கத்தி இல்லாமல் பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்கு அன்றைக்கு இது தெரியாது.

பையனுக்கு இப்போது பதினெட்டு ஆகிவிட்டது. டிப்ளமோ படிக்கிறான், ஏதாவது ஒரு சிப்காட் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. ஓட்டுரிமை வேண்டுமே என்று அவனும் நிபந்தனைகளை விசாரிக்கிறான். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவனா? அப்பா, அம்மா இருவருக்கும் ஆதாரம் காட்டு. பெற்றோரில் ஒருவர் இந்தியர் இல்லையா? அப்படியானால் நீ பிறந்த நேரத்தில் அவரிடம் இருந்த செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா, இரண்டின் நகலையும் வை.

இடுப்பு வலி எடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறியபோது விசாவை மறந்துவிட்டாயா அம்மா என்று அவன்தான் இனி கேட்க வேண்டும்.