மேலும் வாசிக்க

எங்கள் வீட்டில் ஓலைச்சுவடி மரபு இன்னும் அழியவில்லை. காப்பாற்றி வருபவள் என் மனைவி.

பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. சொல்லுக்குச் சொல் இடமும் விடவில்லை. கவிமணி வெளிக்கொண்டுவந்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளானாலும் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

என் மனைவி கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். வடசேரிச் சந்தையில் நிற்கிறவனுக்கு அவள் கேட்பது சூரை மீனா, சுரைக்காயா என்பது கிழமையைப் பார்த்தால்தான் விளங்கும். வெள்ளி என்றால் காய். நாகர்கோவிலில் குடியிருக்கும் எழுத்தாளர் ஜெயமோகன் 2013இல், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதலாமே என்று யோசனை சொல்லி ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் அடுக்களையில் அது விவாதமில்லாமலே நிறைவேறிவிட்டது.

நான் இன்லண்டு லெட்டர் கட்சி. விடுதியிலிருந்து எழுதும்போது படிப்பு, சாப்பாடு, பாட்டியின் முட்டுவலி என்று நீலத் தாளை நிரப்பி, இடம் தீர்ந்தபின் பசை தடவுகிற ஓரத்தில் பொடி எழுத்தில் 'பணம் அனுப்பவும்' என்று போடுவேன். அப்பா பிரித்ததும் அந்த ஓரத்தைத்தான் முதலில் வாசிப்பாராம். மீதியை வாசித்தாரா என்று நான் கேட்டதில்லை.

கைபேசியில் தாள் தீர்வதில்லை. என் கை மட்டும் பழைய கை. குடும்பக் குழுவில் பேச்சிப்பாறை நீர்மட்டத்தில் தொடங்கி, கன்னிப்பூ அறுவடை வழியாக வந்து, கடைசி வரியில் 'கண் புரைக்கு ஆபரேஷன் பண்ணணும்' என்று முடித்தேன். கைபேசி முன்பகுதியை மட்டும் காட்டி, 'மேலும் வாசிக்க' என்று அடைத்துவிட்டது. என் புரையை அதற்கு மேல் யாரும் தேடவில்லை. மகன், மருமகள், மச்சினன் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

"உள்ள காரியத்த முதல்லயே சொன்னா என்ன? ஓல எழுதுன கணக்கப்பிள்ளைக்கு உள்ள புத்திகூட இல்லியே" என்றாள் மனைவி.

சொன்னபடி செய்தேன். 'கண் ஆபரேஷன். வரவும்.'

அடுத்த நிமிடம் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான், என்னையல்ல, அம்மாவை. எங்கள் குடும்பத்துக்கு இத்தனை சுருக்கமாக வந்ததெல்லாம் தந்திதான், அதுவும் சாவுக்கு. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள், பயத்தை நிறுத்தவில்லை.

"அம்மா, அப்பா இருக்காருல்லா?"

"இருக்காரு மக்களே. இப்பதான் மூணாவது தோச கேட்டாரு."