குளிர் போதாதவர்

நவம்பரில் கொடைக்கானலில் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தை ரத்து செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கேட்டதும் லீவு போடுகிறவர்தான் தூளியார்.

சின்ன வயதில் நாம் எல்லோரும் தூளியில் படுத்தவர்கள்தான். இறங்க மறுத்தவர் இவர் ஒருவர். இப்போது அது நைலான் தூளி, ஹேமக் என்பார். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக்கூடாது என்பதால், விடுதியில் அறை எடுத்து, வாடகையும் கட்டிவிட்டு, தோட்டத்து மரங்களுக்கு நடுவே தொங்குவார். கட்டுவதற்குக் கயிறு கிடையாது, அகலப் பட்டைதான். மரப்பட்டை காயப்படக் கூடாதாம். அந்தக் கரிசனம், கூட வந்தவர்களின் காதுகள்மேல் கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிப்பார்: "தூளியில படுத்தா குளிர் எங்கேர்ந்து வரும், சொல்லுங்க?" மேலேயிருந்து என்பீர்கள். அதற்குத்தான் காத்திருந்தார். "கீழேர்ந்து சார்! காத்து அடியில பூந்து போகுது. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடியா இருந்தாலும், முதுகுக்குக் கீழே நசுங்கிப்போகும். சூடு பஞ்சுல இல்ல, பஞ்சு பிடிச்சுவெச்ச காத்துல இருக்கு. நசுங்கினா காத்து ஏது?" அதனால் ஒரு மெத்தைப் போர்வையைத் தூளிக்கு வெளியே, அடிப்பக்கம் கட்டுகிறார். உடம்பின் பாரம் அதன்மேல் விழாது, உப்பலாகவே இருக்கும். இடைவெளி விட்டால் மட்டும் காற்று புகுந்துவிடும். சொல்வதெல்லாம் சரி என்பதுதான் கஷ்டம். தப்பாக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது தூங்கப் போகலாம்.

அடுத்தது ஈரம். உங்கள் சட்டை நுனியைப் பிடித்து, "காட்டனா?" என்று, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கும் டாக்டர் குரலில் கேட்பார். பருத்தி வேர்வையையும் பனியையும் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். மழைத்தண்ணீர் பட்டையோடு வழிந்து படுக்கைக்கு வராமல் இருக்க, வழியில் ஒரு துண்டுக் கயிறு கட்டுவார். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். மேலே தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டினாலும் இரண்டு முனைகளிலும் கொஞ்சம் திறந்துவிடுவார். மூச்சின் ஈரம் வெளியே போக வேண்டுமே. போர்வைக்குள் மூக்கை நுழைக்கவும் தடை. வெறும் வயிற்றோடு படுத்தால் உடம்பு சூடாகாது என்று ஒரு கடலை மிட்டாய். காலிடுக்கில் வெந்நீர் பாட்டில். "முக்கியமா, ஒண்ணுக்குப் போயிட்டுத்தான் படுக்கணும்." இதை ரசம் பரிமாறும்போதுதான் சொல்வார்.

சென்னை வீட்டில் இதற்கெல்லாம் ஒத்திகை உண்டு. ஏ.சி.யை 16-இல் வைத்து, ஜன்னல் கம்பியில் தூளியைக் கட்டிப் படுப்பார். மனைவி ஹாலுக்குக் குடிபோய்விடுவார்.

இத்தனை ஏற்பாடும் 0 டிகிரிக்கு. கொடைக்கானலோ இரவில் 11-இல் நின்றுவிடும். உள்ளே வேர்க்கும்; வேர்த்தால் ஈரம், ஈரமானால் குளிர் என்பது அவர் சொன்ன பாடமேதான். ஆகவே நடு இரவில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பார். காலையில் "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டால் முகம் தொங்கிவிடும். "என்னத்த, குளிரே இல்ல." கதகதப்பு வேண்டுமென்றால் அறையிலேயே இருக்கிறதே. அவருக்கு வேண்டியது ஜெயிப்பதற்கு ஒரு குளிர்.

அப்படி ஓர் இரவில்தான் வாட்ச்மேனைக் கண்டார். கயிற்றுக் கட்டிலில் சாக்கை நாலாக மடித்து விரித்து, மேலே கம்பளி போர்த்திக் கிடந்தவரை எழுப்பினார்.

"அண்ணே, இந்தச் சாக்கு எதுக்குன்னு தெரியுமா?"

"இல்லாட்டி முதுகு விறைக்கும் சார்."

"ஏன் விறைக்குது?"

அரை மணி நேரம் போயிற்று. "ஆனா மேல போட்டா நசுங்கும்ணே. கட்டிலுக்கு அடியில இழுத்துக் கட்டணும்."

வாட்ச்மேன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதான் சார். அந்த ரூமு சும்மாதானே கெடக்கு, நான் போயிப் படுத்துக்கட்டுமா?"

தூளியார் உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார். கட்டில் காலியானால்தானே அடியில் சாக்கைக் கட்டிப் பார்க்க முடியும்?