பேங்க் அண்ணன்

கோலா பிலா வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிராணி, தண்டல், கோயில் தலைவர் வரிசையில் ஒரு பேங்க் அண்ணன் இருப்பார். பதவி யாரும் கொடுத்ததல்ல. எந்தக் காலத்திலோ யாருக்கோ ஒரு மலாய் பாரத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

பையனுக்கு முதல் வேலை கிடைத்து முதலாளி கணக்கு எண் கேட்டால், வீட்டில் ஐசியைத் தேடுவதற்கு முன் அண்ணனைத் தேடுவார்கள். "காலையில எட்டு மணிக்கு மோட்டார்ல வர்றேன். காலர் சட்டை போடு. சிலிப்பர் போட்டுக்கிட்டு வந்தா நான் வரமாட்டேன்" என்பார், பெண் பார்க்கக் கிளம்புகிற மாதிரி.

வங்கியில் எண் அழைக்கும்வரை அண்ணனின் வரலாற்றுப் பாடம். 1974 டிசம்பரில் பேங்க் சிம்பானான் நேஷனல் வரும்வரை தபால் நிலையச் சேமிப்புப் புத்தகம்தான். அதிலும் போடாதவர்கள் கூட்டு என்ற சீட்டுப் பிடித்தார்கள். கூட்டைத் தடுக்க 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டு நடத்தும் அக்காவிடம்தான் இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த அக்காவிடம் அண்ணனுக்கே ஒரு சீட்டு உண்டு என்று ஊர் பேசும். நாம் கண்டோமா?

முகப்பில் உட்கார்ந்ததும் பையனுக்கு வாயே கிடையாது. அப்பா பெயர், முகவரி, என்ன வேலை, எல்லாவற்றுக்கும் அண்ணனே பதில். கடைசியில் அந்த அதிகாரிப் பெண், "பாச்சிக், கணக்குத் திறப்பது நீங்களா, இவரா?" என்று மலாயில் கேட்பாள். அண்ணன் கொஞ்சமும் அசரமாட்டார். "இவன்தான், ஆனா சின்னப் பையன்." சின்னப் பையனுக்கு மீசை முளைத்து நான்கு வருஷம்.

பிறகு பெருவிரல். படிக்காத பாட்டி அன்று மை தடவி ரேகை வைத்தாள் என்று பேரன் சிரித்தான். 2001இல் மைகாட் அடையாள அட்டை வந்தது. இப்போது பட்டதாரிப் பேரனும் இயந்திரத்தில் விரல் வைத்தால்தான் தான் தானே என்று நிரூபிக்க முடிகிறது. பால்வெட்டுக்காரர்களுக்கு அதுவும் சிக்கல். உளி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் சுலபத்தில் ஏற்பதில்லை. அண்ணனிடம் வைத்தியம் இருக்கிறது: "கால்சட்டையில தொடை. வாயால ஊது. அழுத்து. அழுத்துன்னா சுவரைத் தள்ளச் சொல்லல!" அப்படியும் சிவப்பு விளக்கு எரிந்தால் அதிகாரியிடம் திரும்புவார். "முப்பது வருஷமா இந்த விரல் வெட்டின பால்ல லோரி லோரியா ரப்பர் போச்சு. அப்பல்லாம் யாரும் இது யார் விரல்னு கேட்கல."

ஆனால் அவருடைய உண்மையான அதிகாரம் பாரத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தது: கைப்பேசி எண். "உன் நம்பரை மாசத்துக்கு ஒண்ணு மாத்துற, என்னுது போட்டுக்கிறேன்." இப்படியே பாதித் தோட்டத்தின் ரகசிய எண்கள் அவர் சட்டைப்பையில் வந்து விழுந்தன. நள்ளிரவில் யாராவது இணையத்தில் சப்பாத்து வாங்கினால், அண்ணன் சாரத்தோடு லயத்தில் நடந்து வந்து கதவைத் தட்டுவார். ஆறு இலக்கத்தைச் சொல்லிவிட்டு, "இருநூறு வெள்ளிக்கா சப்பாத்து?" என்று ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் போவார்.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் ரகசிய எண் அனுப்புவதை விடச் சொல்லி வங்கிகளுக்கு அறிவித்தது. மோசடிக்காரர்களை ஒழிக்கத்தான்; அடி விழுந்தது அண்ணனுக்கு. பையன்கள் தங்கள் கைப்பேசியிலேயே செயலி வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு 555 புத்தகம் வாங்கி வீடு வீடாக வந்தார்.

"பாஸ்வோர்ட் மறந்துடுவீங்க, தம்பி. சொல்லு, பாதுகாப்பா எழுதி வைக்கிறேன்."