தேவை பெண்பால், விலை ஆண்பால்

பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்த அன்று, மொழிப்பாடம் எது என்று கேட்டார்கள். தமிழ் எடுத்தால் இலக்கணம் படிக்கவேண்டுமே என்று பயம். பிரெஞ்சில் இடமில்லை. ஜெர்மன் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இலக்கணத்துக்குப் பயந்தவன் போய் விழுந்த இடத்தைப் பாருங்கள்!

ஜெர்மனில் நாற்காலி, மேசைக்குக்கூடப் பால் உண்டு. பொருளைப் பார்த்து ஊகிக்கலாம் என்று நினைத்தால் கெட்டோம். 'மேட்சென்' என்றால் சிறுமி. ஆனால் இலக்கணப்படி அவள் பெண்பால் இல்லை, அஃறிணை. உருப்போட்டு மாளாமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பொருளாதார வகுப்பில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வரைவார்கள் அல்லவா? ஜெர்மனில் தேவை பெண்பால், அளிப்பு அஃறிணை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிறக்கிற விலை, ஆண் குழந்தை. ஜெர்மன் தேர்வுக்கு இது கைகொடுத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ராஜா. 'ஏனென்றால்' என்று ஆரம்பித்தால் ஜெர்மனில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்திலேயே யோசிக்கிற பையன்கள் திணறினார்கள். நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம்!

பொருளாதாரத்துக்கு ஜெர்மனில் 'விர்ட்ஷாஃப்ட்' என்று பெயர். பீர் குடிக்கிற விடுதிக்கும் அதே சொல்தான். இந்த அதிசயத்தை அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எதுக்குடா பீஸ் கட்டியிருக்கேன்?" என்றார்.

உண்மையான அடி செமஸ்டர் தேர்வில் விழுந்தது. 1923இல் ஜெர்மனியின் பணவீக்கம் பற்றிக் கேள்வி. எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 பில்லியன் மார்க் என்று ஜெர்மன் பாடநூலில் படித்ததை அப்படியே எழுதினேன். விடைத்தாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது: "டிரில்லியன்! ஆயிரம் மடங்கு பிழை." ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் நூறு கோடி, ஜெர்மனில் அதே சொல்லுக்கு லட்சம் கோடி. ஜெர்மன் ஆசிரியையிடம் ஓடினேன். "நீ எழுதியது சரிதானே" என்றார். சரிதான், ஆனால் மதிப்பெண் போடுகிறவர் அவர் இல்லையே. பேசாமல் '4.2 லட்சம் கோடி' என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். தமிழை விட்டதற்கு அப்போதுதான் முதல் தடவையாக வருந்தினேன்.

இறுதியாண்டில் 'ஷுல்ட்' என்ற சொல் வந்தது. குற்றம் என்று அர்த்தம். அதையே பன்மையாக்கி 'ஷுல்டன்' என்றால் கடன். கடன் வாங்கியவன் அவர்கள் ஊரில் குற்றவாளி. நம் மொழியில் கடன் என்றால் கடமையும்கூட. காலையில் எழுந்ததும் முதலில் முடிக்கிறோமே, அதுவும் கடன்தான்.

படிப்புக்கு வங்கியில் வாங்கியது குற்றமா கடமையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினோரு தவணை பாக்கி இருக்கிறது.