நிற்குமா, ஓடுமா?

பாகூர் ஏரிக்கரையில் மாலை வேளைகளில் உலாவச் செல்வது சிறு பிராயம் முதலே எனக்கு வழக்கமாயினும், கடந்த மூன்று ஆண்டுகளாக அதைக் கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கும்படி ஆகியிருப்பதற்குக் காரணம், மதகுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து அமர்ந்திருக்கும் என் பெரியப்பாவும், என்னைக் கண்ட மாத்திரத்தில் அவர் திருவாய் மலர்ந்தருளும் ஒரே கேள்வியுமேயாகும்.

“என்னாப்பா, படிப்பு எப்ப முடியும்?”

கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவதற்காக, தலையில் கறுப்பு மயிரைத் தேட வேண்டிய வயதில் பெயரைப் பதிந்துகொண்டவன் நான். பகலில் வில்லியனூருக்கு அருகே ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, இரவில் நானே பிள்ளையாகிவிடும் பகுதிநேர ஆராய்ச்சியாளன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பிரஸ்தாபிக்காமல் விடுகிறேன். என் ஆய்வேட்டில் இன்னும் பலர் கையொப்பமிட வேண்டியிருக்கிறது, அவர்களோ பத்திரிகை வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள்.

பெரியப்பாவின் கேள்வி லேசானதன்று. ஒரு நிரலை ஓடவிட்டால் அது என்றேனும் வேலையை முடித்து நிற்குமா, முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டேயிருக்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே சொல்லக்கூடிய பொதுவழி இருக்கவே முடியாது என்பது, ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எங்கள் சாஸ்திரத்துக்குக் கிடைத்த மகா வாக்கியம். நிரலுக்கே இந்தக் கதியென்றால், நெறியாளரும் ஆலோசனைக் குழுவும் இணைய இணைப்பும் சம்சாரமும் சேர்ந்து இயக்கும் ஆய்வேட்டுக்கு யார் ஜாதகம் கணிப்பது? இதைப் பெரியப்பாவுக்கு ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப முடியாதுன்னு சொல்லு” என்றார்.

டூரிங்கால் தீர்க்க முடியாததைப் பல்கலைக்கழக மானியக் குழு தீர்த்துவைத்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி, முனைவர் ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. மறுபதிவு செய்துகொண்டால் மேற்கொண்டு 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கும் மேல் 2 ஆண்டு. அதற்கப்பாலும் ஓடுகிறவனை ஓட ஓடவே நிறுத்திவிடுவார்கள். இதிலொரு வேடிக்கை உண்டு. 1936-இல் பிரின்ஸ்டனுக்குச் சென்ற டூரிங், 1938-இலேயே அங்கே முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். நம் விதிகளின் கீழ் அப்பெரியவர் வந்திருந்தால், “தம்பி, இன்னும் ஒரு வருஷம் உட்காருங்கள்” என்று சொல்லியிருப்பார்கள்.

சேர்ந்த கதை தனி. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். நான் எம்.சி.ஏ.வில் 56 வாங்கியவன். அந்த ஒற்றை விழுக்காட்டுக்காக இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கடவுளுக்கு நன்றி சொன்னேன். நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆராய்ச்சி முறையியல், மறுபாதி கணினி அறிவியல். பிறகு எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கிட்டார்கள். இவற்றையெல்லாம் தாண்டியவன் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் தடுக்கி விழுந்தேன். “மைக்ரேஷன் எங்கே?” என்றார் அங்கிருந்த அம்மையார். பிறந்தது பாகூர், பெண் எடுத்தது பாகூர், இடப்பெயர்வு என்று நான் செய்ததெல்லாம் மழைக்காலத்தில் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து நடுவீட்டுக்கு இழுத்ததுதான். ஆயினும் அடியேன் இடம்பெயர்ந்தவனே என்று நான் முதுகலை படித்த பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த பிறகே உள்ளே விட்டார்கள்.

வேலை செய்யும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லையென்று ஒரு கடிதமும் வேண்டும். அதை வாங்கப் பதினோரு முறை அலுவலக வாசலில் நின்றதில், எனக்கே என் படிப்பின்மேல் ஆட்சேபணை உண்டாகிவிட்டது.

நெறியாளர் இணைப் பேராசிரியர். அப்பதவியில் இருப்பவர் ஒரே சமயத்தில் 6 பேருக்குமேல் ஏற்கலாகாது என்பதால், குகனுக்குப் பின்னால் வந்த சுக்ரீவனைப்போல் நான் ஆறாவது சகோதரனாகச் சேர்க்கப்பட்டேன். மற்ற ஐவரில் இருவர் என்னிடமே படித்தவர்கள். குறைந்தபட்சம் 12 மதிப்பெண் அலகுகளுக்குரிய பாடங்களை அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது, தேர்வறையில் ஒருவன், “சார், பேனா இருக்கா?” என்று பழைய பக்தி மாறாமல் கேட்டான்.

அந்தப் பாடங்களில் ஒன்று ஆராய்ச்சி நெறிமுறை. பிறர் எழுத்தைத் திருடலாகாது என்பதே அதன் சாரம். 2018-இல் வந்த விதிப்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை மன்னிக்கப்படும். அதற்குமேல் 40 வரை போனால் திருத்தி எழுதித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நான் முன்ஜாக்கிரதையாக, எழுதிய இரண்டு அத்தியாயங்களையும் வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். கடைக்காரத் தம்பி அறிக்கையை நீட்டியபோது நெஞ்சு படபடத்தது. நல்ல வேளை, அத்தியாயங்களில் அதிகமாக ஒன்றுமில்லை. முதற்பக்கத்தில் மட்டும் ஒரு வாக்கியம் முழுதும் சிவப்புக் கோடிடப்பட்டு, நூற்றுக்கு நூறு பிறரிடமிருந்து எடுத்தது என்றிருந்தது. “இவ்வாய்வு முற்றிலும் என் சொந்த முயற்சியே என உறுதியளிக்கிறேன்” என்ற வாக்கியம் அது.

என் மனம் சோரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது மேரி கென்னத் கெல்லர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீயை. 1965-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முனைவரானபோது அவருக்கு வயது 51. அந்நாட்டில் அத்துறையில் முதன்முதல் பட்டம் பெற்ற இருவரில் அவர் ஒருவர். இந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து என் சம்சாரம் சனிக்கிழமைதோறும் வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். திருக்காமீசுவரருக்கு வேண்டிக்கொண்டது அதற்கு முன்பே உண்டு.

பெரியப்பாவுக்கு உதாரணங்கள் உள்ளூரிலேயே வேண்டும். பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு அவருக்கு நெட்டுரு. ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததை அது சொல்கிறது.

“அப்ப படிச்சவனுக்கு மூணு ஊரு குடுத்தான். ஒனக்கு என்னா குடுக்குறாங்க?”

தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகையும் பெற்று முழுநேரம் படிப்பவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் உண்டு என்றும், பகுதிநேரக்காரனாகிய நான் கட்டணம் கட்டுகிற ஜாதி என்றும் சொன்னேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை.

சென்ற வாரம் மதகடியில் கேள்வி வரும்முன் நானே முந்திக்கொண்டு, “இன்னும் மூணு வருஷம் பெரியப்பா” என்றேன். “சொர்ணவாரி, சம்பா, நவரை… ஒன்பது போகம்” என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, துண்டின் முடிச்சை அவிழ்த்து மடித்த காகிதமொன்றை எடுத்தார். வங்கியில் பயிர்க்கடனுக்கு ஜாமீன் படிவம். “விண்ணப்பம் எழுதுறதுல நம்ம வம்சத்துலியே ஒன்ன மிஞ்ச ஆளில்ல. நீயே ஜாமீனும் போட்டுடு.”

முழங்காலின்மேல் வைத்து நிரப்பினேன். ஜாமீன்தாரரின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ஆசை விடாமல் ‘முனைவர் பட்டம்’ என்று எழுதி, மனசாட்சி உறுத்தவே பக்கத்தில் ‘நிலுவையில்’ என்றும் சேர்த்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“நிலுவைன்னு போட்டா பேங்க்ல கடன் குடுப்பானாடா?”