வல்லூறு வீட்டில் வளைகாப்பு

கேள்வி: நியூயார்க் பாலங்களில் வல்லூறுக் குஞ்சுகளுக்குக் கால்வளையம் மாட்டப் போகிறவர்களைத் தாய்ப்பறவை விரட்டி விரட்டித் தாக்குகிறதாமே? பாவம், அதை ஏன் சீண்ட வேண்டும்?

பதில்: தாக்காமல் விட்டால்தான் கவலைப்பட வேண்டும்! வெரசானோ பாலத்தில் 693 அடி உயரக் கோபுரத்தின் மேல் கூடு. போகிறவர் தலையில் ஹெல்மெட். துடைப்பத்தை உயர்த்திப் பிடிப்பவர்களும் உண்டு; உயரமாகத் தெரிவதைத்தான் பறவை முதலில் அடிக்கும்.

குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகும்போது வளையம் மாட்டுவார்கள். அதற்குள் கால் முழுப் பருமன் அடைந்துவிடும், வளையம் பின்னால் இறுக்காது. இன்னும் தாமதித்தால் குஞ்சு மிரண்டு கீழே குதித்துவிடும். பெண் குஞ்சுக்குத்தான் பெரிய வளையம். இந்த இனத்தில் பெண்தான் பெரியவள்.

ஏன் இந்தப் பாடு? டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து நொறுங்கி, 1960களின் நடுவில் கிழக்கு அமெரிக்காவில் இந்த வல்லூறு கூடு கட்டுவதே நின்றுபோனது. 1972-ல் டிடிடிக்குத் தடை வந்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பறக்கவிட்டார்கள். 1999-ல் அமெரிக்காவின் அழியும் இனப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. எந்தக் குஞ்சு பிழைத்தது, எங்கே போய்க் குடும்பம் நடத்துகிறது என்பதை வளையத்து எண்தான் சொல்கிறது. அதற்காக நாலு அடி வாங்கினாலும் தகும்!